பழையதுக்குப் புதியது: சாக்ஸபோனோடு மதுரையில் ஆறு நாள்

எனக்கு சாக்ஸபோன் வாசிக்கத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதுரையில் இருந்த ஆறு நாளும் போன இடமெல்லாம் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். கையில் நீளமான கறுப்புப் பெட்டியோடு ஒரு ஆள் பஸ்ஸில் ஏறினால், உள்ளே என்ன என்று கேட்காமல் இருக்க மதுரைக்காரர்களால் முடியாது. சாக்ஸபோன் என்று சொன்னால், "வாசிங்கண்ணே, கேட்போம்" என்பார்கள். தெரியாது என்றால் பார்க்கிற பார்வையே மாறிவிடும். பெட்டி நம்முடையதுதானா என்று ஒரு சந்தேகம் அந்தப் பார்வையில் இருக்கும்.

பெட்டி என்னுடையது இல்லைதான். நான் ஈப்போவில் ஒரு கடைக்கு வேன் ஓட்டுகிறவன். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைக்கும் படித்தேன். முருகன் அருளால் குடும்பம் குறைவில்லாமல் இருக்கிறது. கடை முதலாளி சீனர். அவரைத் தவுக்கே என்று கூப்பிடுவோம். எங்கள் மலேசியாவில் முதலாளிக்கு அதுதான் பெயர். கடையில் கிதார், டிரம், புல்லாங்குழல் எல்லாம் விற்கிறார். மாடியில் இருப்பதை மட்டும் விற்கமாட்டார். அங்கே கண்ணாடி அலமாரியில் பதிமூன்று பழைய சாக்ஸபோன்கள் இருக்கின்றன. பதிமூன்றும் ஒரே பட்டறையில் செய்தவை.

பிரான்சு தேசத்தில் ஒரு சின்ன ஊரில் ஒரு குடும்பம் மூன்று தலைமுறையாக சாக்ஸபோன் செய்துகொண்டிருந்ததாம். பித்தளைத் தகட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டியே குழாயாக வளைப்பார்களாம். கடைசியில் ஒரு ஆள் உட்கார்ந்து அகன்ற வாய்ப்பக்கம் பூவும் இலையும் கையாலேயே செதுக்குவாராம். பிள்ளைகள் பட்டறையை மூடிவிட்டார்கள். இப்போது அதே கட்டடத்தில் சோப்பு செய்கிறார்கள் என்று தவுக்கே சொல்லும்போது, துக்க வீட்டில் பேசுகிற குரலில்தான் சொல்வார். இன்றைக்கு வருவதெல்லாம் தைவானில், சீனாவில் இயந்திரம் போட்டுத் தள்ளுகிறது. நன்றாகத்தான் வாசிக்கும், ஆனால் அலமாரியில் வைக்க முடியாது என்பார்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு எங்கள் கோயில் திருவிழாவுக்கு மதுரையிலிருந்து ஒரு பேண்டு செட் வந்தது. அப்போது எடுத்த படம் ஒன்றை வேனுக்குள் ஒட்டி வைத்திருந்தேன். தேரில் அம்மன் அலங்காரம் அவ்வளவு நன்றாகத் தெரியும். ஒரு நாள் வேனில் ஏறிய தவுக்கே அந்தப் படத்தைப் பிய்த்து எடுத்துக்கொண்டு போய்ப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். அம்மனைப் பார்க்கவில்லை. தேருக்கு முன்னால் நின்றவரின் கையில் இருந்ததைப் பார்த்தார். அந்த மூடிப்போன பட்டறைச் சாமான், பதினாலாவது.

பிறகு கோயிலில் விலாசம் வாங்கி, படத்தில் இருந்தவருக்கு நான்தான் தமிழில் கடிதம் எழுதினேன். அந்தப் பழைய சாக்ஸபோனைக் கொடுத்தால் பதிலுக்குப் புத்தம் புதுத் தைவான் சாக்ஸபோன் ஒன்று. காசு பேச்சே இல்லை. அவர் சம்மதம் என்று பதில் போட்டார். புதியதை எடுத்துக்கொண்டு போய்ப் பழையதை வாங்கி வர என்னை அனுப்பினார் தவுக்கே. கிளம்பும்போது மூன்று விஷயம் சொன்னார். பழையதுக்குப் பாலிஷ் போடக் கூடாது. நெருப்புக் காட்டக் கூடாது. கீறல் விழக் கூடாது. நான் மூன்றையும் மூன்று தடவை சொல்லிக் காட்டினேன். மீனாட்சியம்மனைப் பார்க்கக் கூலியும் கொடுத்து அனுப்புகிறார் என்றால் மூன்று என்ன, முப்பது சொன்னாலும் கேட்டிருப்பேன்.

முதல் நாள் கோயிலுக்குத்தான் போனேன். நவராத்திரி நேரம். உள்ளே கொலு வைத்திருந்தார்கள். கறுப்புப் பெட்டியோடு உள்ளே விடமாட்டேன் என்று காவல்காரர் நிறுத்திவிட்டார். செருப்பு வைக்கிற இடத்தில் பெட்டியை வைக்க எனக்கு மனசு வரவில்லை. கடைசியில் பூக்கடைக்கார அம்மா ஒருவர், "இங்கன வைங்க, நான் பாத்துக்கிறேன். ஒருத்தனும் தொடமாட்டான்" என்றார். திரும்பி வரும்போது பெட்டியின் மேல் மல்லிகைப் பந்துகளை அடுக்கி வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. விற்று முடிகிற வரைக்கும் நானும் நின்றேன். அவசரம் ஒன்றுமில்லை. அம்மனைப் பார்த்த சந்தோஷத்தில் கண் நிறைந்துபோய் இருந்தது.

ஈப்போவில் நாங்கள் இட்டிலிக்கு ஒரு சட்டினி, ஒரு சாம்பார் என்று கௌரவமாகச் சாப்பிடுகிறவர்கள். இங்கே ரோட்டோரக் கடையில் நாலு நிறத்தில் சட்டினி ஊற்றினார்கள். நாலும் ஒன்றோடொன்று ஓடிக் கலந்து ஐந்தாவதாக ஒன்று வந்தது. அதுதான் நன்றாக இருந்தது. சாயங்காலம் பருத்திப்பால் குடித்தேன். பருத்தியில் பால் எடுப்பார்கள் என்று ஊரில் போய்ச் சொன்னால் என் மனைவி நம்பமாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். சொன்னேன். நம்பவில்லை.

இரண்டாம் நாள் பழங்காநத்தத்தில், படத்தில் இருந்த துளசிராம் அண்ணன் வீடு. கடிதத்தில் இருந்த விலாசத்தை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சுற்றினேன். சந்துக்குள் சந்து, அதற்குள் ஒரு சந்து. கடைசியில் "சாயக்கார துளசிராமா?" என்று ஒருவர் கேட்டு வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து விட்டார். சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுவது அவர் தொழில். விரல் நகமெல்லாம் ஊதா நிறம். சாக்ஸபோன் முகூர்த்த நாட்களில் மட்டும். அவர்கள் சௌராஷ்டிரா குடும்பம். வீட்டுக்குள் அவர்கள் பாஷை, என்னிடம் மதுரைத் தமிழ். அவர் மனைவி பத்மாவதி அம்மா என்னைப் பார்த்ததும் தங்கள் பாஷையில் அவரிடம் ஏதோ சொன்னார். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். "மலேசியாவுலருந்து வாராகன்னு சொன்னீக, கோட்டு சூட்டோட வருவாகன்னு பாத்தேன், நம்ம ஆளு மாதிரியே வேட்டியோட வந்துருக்காகன்னு சொல்றா" என்றார் அண்ணன். அந்த நிமிஷமே எனக்கு அந்த வீடு பிடித்துப்போனது. புளியஞ்சாதம் வாழை இலையில் வந்ததும் இன்னும் பிடித்தது.

பழைய சாக்ஸபோனை ஒரு பட்டுத் துணியிலிருந்து எடுத்தார். எனக்குப் பெரிய ஆச்சரியம் ஒன்றுமில்லை. பழுப்பேறி, திட்டுத்திட்டாக, எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தது. வாய்ப்பக்கம் செதுக்கிய பூக்கள் மட்டும் தெரிந்தன. அவருடைய அப்பா ஒரு வெள்ளைக்காரப் பட்டாளத்து பேண்டுக்காரரிடம் வாங்கியதாம். அதில் கொஞ்சம் வாசித்துக் காட்டினார். மேலே போகும்போது தேன் மாதிரி இருந்தது. கீழே இறங்கினால் காற்றுத்தான் வந்தது. மறுபடி இறங்கினார். மறுபடியும் இருமல் மாதிரி ஒரு சத்தம்.

"கீழ் சுரம் பேசாதுண்ணே. மூணு வருசமா இப்பிடித்தான்" என்றார். "கல்யாண பேண்டுல பத்துப் பேருக்கு நடுவுல நின்னா யாருக்கும் தெரியாது. தனியா நின்னா மானம் போயிரும்."

அதற்குப் பிறகு சொன்னதுதான் முக்கியம். விஜயதசமி அன்றைக்குத் திருவாதவூர்க் கோயில் மண்டபத்தில் ஒரு மணி நேரம் தனியாக வாசிக்க அவரைக் கேட்டிருந்தார்கள். முப்பது வருஷமாகக் கூட்டத்தில் ஒருவராக நின்றவரை முதல் தடவையாகத் தனியாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். என் கடிதம் வந்த பிறகுதான், புதியது வருகிறது என்ற நம்பிக்கையில் ஒத்துக்கொண்டாராம். எனக்குப் பெருமையாக இருந்தது. எழுதியவன் நான்தானே.

புதுப் பெட்டியைத் திறந்து காட்டினேன். கண்ணாடி மாதிரி மின்னியது. இப்போதே ஊதிப் பாருங்கள் என்றேன். அவர் தொடவில்லை. விஜயதசமி அன்று பூஜையிலிருந்து எடுத்துத்தான் முதல் மூச்சு விடவேண்டும், நாலு நாளில் என்ன ஆகிவிடப் போகிறது என்றார். அது சரிதான் என்று எனக்கும் பட்டது. என் பெரிய மகனுக்கு நாங்களும் விஜயதசமி அன்றுதான் அரிசியில் எழுத வைத்தோம்.

மூன்றாம் நாள் பேரையூருக்கு ஒரு பயணம். அங்கே ஒரு விவசாயி வீட்டில் இன்னொரு பழைய சாக்ஸபோன் இருப்பதாகத் துளசிராம் அண்ணன் கேள்விப்பட்டிருந்தார். அவரும் கூட வந்தார். பதினைந்தாவதையும் பிடித்துக்கொண்டு போய்த் தவுக்கேயை அசத்திவிடலாம் என்று எனக்கு ஆசை. பஸ்ஸில் எனக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஒரு ஆட்டுக்குட்டி நின்றது. அதற்கு அரை டிக்கெட் உண்டா இல்லையா என்று கண்டக்டருக்கும் ஆட்டுக்காரருக்கும் திருமங்கலம் தாண்டும் வரைக்கும் வழக்கு நடந்தது. ஆடு என் வேட்டி நுனியை மென்றுகொண்டே கேட்டது.

பேரையூரில் அந்த விவசாயி பருத்தி மூட்டைகளுக்கு நடுவிலிருந்து எழுந்து வந்து, உட்காரச் சொல்லி, மோர் கொடுத்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். "அது போன மாசமே போயிருச்சே. மெட்ராஸ்காரர் ஒருத்தரு கார் போட்டு வந்தாரு. இதுக்கு மிக்சி ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டு எடுத்துட்டுப் போயிட்டாரு." வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவியின் குரல், "மிக்சியும் ஓடல. சாக்ஸபோனாவது ஊதுனா சத்தம் வரும்" என்றது.

அந்த மெட்ராஸ்காரர் ராமநாதபுரம் வரைக்கும் ஊர் ஊராகப் போய்ப் பழைய பேண்டு சாமான்களை வாரிக்கொண்டு போகிறாராம். தன்னிடமும் அவர் வந்தார் என்றும், மிக்சிக்குக் கொடுக்க மனசு இல்லை என்றும் திரும்பும்போதுதான் துளசிராம் அண்ணன் சொன்னார். சாக்ஸபோனுக்குச் சாக்ஸபோன் என்றால் அது வேறு. அப்பா கொடுத்தது கையை விட்டுப் போனாலும் கையில் வாசிப்பு இருக்கும்.

நாலாம் நாள் காதர் பாய். ஜெய்ஹிந்துபுரத்தில் ஒரு சந்தில் பேண்டு வாத்தியங்கள் பழுது பார்க்கிறவர். பழையதில் என்னென்ன கோளாறு என்று எழுதிக்கொண்டு வரும்படி தவுக்கே சொல்லியிருந்தார். அதற்காகப் போனோம். பாய் ஒரு பீடியைப் பற்ற வைத்தார். சாக்ஸபோனை மடியில் போட்டு, எல்லாத் துளையையும் மூடச் சொல்லி, பீடிப் புகையை வாய் நிறைய இழுத்துக் குழாய்க்குள் ஊதினார். நாங்கள் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். நேர்க்குழாயும் அடி வளைவும் சேருகிற இடத்தில் நூல் மாதிரி ஒரு புகை எழுந்தது.

"பாத்தீங்களா, அங்கதான் காத்து போகுது" என்றார் பாய். "ஈயம் விட்டுப்போச்சு. நெருப்பக் காட்டிப் பத்த வச்சா அஞ்சு நிமிச வேல. ஆனா நெருப்பு பட்டா இந்த வார்னிஷ் கருகிரும். நீங்க சொல்ற ஆளுக்கு இந்த வார்னிஷ்தான் உசுரு. நான் கை வைக்க மாட்டேன்."

எனக்கு ஆறுதலாக இருந்தது. நெருப்புக் காட்டக் கூடாது என்பது என் மூன்றில் ஒன்று. புதியது இருக்கும்போது பழையதை ஏன் பழுது பார்க்கவேண்டும் என்று துளசிராம் அண்ணனும் சொன்னார். பாய்க்கு மீரட்டில் ஒரு சித்தப்பா மகன். அங்கே பேண்டு வாத்தியங்களுக்குப் பித்தளை வாய்களைத் தட்டி வளைக்கிற வேலையில் இருந்தவர், இப்போது பிளாஸ்டிக் நாற்காலி விற்கிறாராம். "நாற்காலிக்குத் தட்டவும் வேணாம், வளைக்கவும் வேணாம். உக்காந்தா அதுவே வளையும்" என்று சொல்லிச் சிரித்தார் பாய். நல்ல இஞ்சி டீ வாங்கிக் கொடுத்தார். எங்கள் ஊரில் இழுத்து ஆற்றித் தருகிற தே தாரேக் போல நுரை இல்லை. ஆனாலும் இரண்டு குடித்தேன்.

ஐந்தாம் நாள் சரஸ்வதி பூஜை. காலையிலேயே வரச் சொல்லியிருந்தார்கள். வீட்டில் இருக்கிற கத்தரிக்கோலிலிருந்து சாயத் தொட்டி கிண்டுகிற கம்பு வரைக்கும் கழுவிக்கொண்டிருந்தார்கள். சாக்ஸபோன் மட்டும் அழுக்கோடு பூஜையில் உட்காருவதா? ஒவ்வொரு வருஷமும் ஈரத் துணியால் துடைப்பதோடு சரியாம். இது இந்த வீட்டில் அதற்குக் கடைசிப் பூஜை, நன்றாகச் செய்து அனுப்பவேண்டும் என்றார் அண்ணன். அலமாரியிலிருந்து பாலிஷ் டப்பாவை எடுத்தார்.

நான் எழுந்து தடுத்தேன். பாலிஷ் கூடவே கூடாது, தவுக்கே கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார் என்றேன். அவர் உடனே டப்பாவை மூடிவிட்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்ட திருப்தி எனக்கு.

பத்மாவதி அம்மாதான் வழி சொன்னார். புளி போடலாமே என்றார். குத்துவிளக்குக்கும் சாமி விக்கிரகத்துக்கும் போடுவது. அதில் மருந்தா, மாயமா? எனக்கு அது அவ்வளவு பொருத்தமாகப் பட்டது. ஈப்போவில் எங்கள் கோயில் விளக்குகள் அறுபத்துநாலையும் வருஷா வருஷம் புளி போட்டுத் தேய்க்கிறவன் நான்தான். கோயிலில் அது என் கைங்கரியம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

துளசிராம் அண்ணன் சின்னத் திருப்புளியால் கீயெல்லாம் கழற்றி, பழைய செய்தித்தாளில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் பென்சிலால் எண் போட்டார். கீயின் அடியில் துளையை மூடுகிற தோல் பேடில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. அவ்வளவு பத்திரம். வெறும் குழாயை நானும் அந்த அம்மாவும் தேய்த்தோம். புளியும் சலித்த செங்கல் பொடியும். பழுப்பாகத் தண்ணீர் வந்தது. வர வர எங்களுக்கு உற்சாகம். முப்பது வருஷ அழுக்கு என்றார் அண்ணன். அறுபது இருக்கும் என்றேன் நான். வாளி வாளியாக ஊற்றினோம். இரண்டு மணி நேரத்தில் அது மீனாட்சியம்மன் சன்னதிக் குத்துவிளக்கு மாதிரி ஜொலித்தது. செதுக்கிய பூக்கள் கொஞ்சம் மங்கியது போல் இருந்தது. ஆனால் அந்தப் பளபளப்புக்கு முன்னால் பூவை யார் பார்த்தார்கள்?

கீயெல்லாம் திரும்பப் பூட்டி, பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்தார்கள். இரண்டுக்கும் சந்தனம், குங்குமம், கதம்பம். தீபம் காட்டும்போது பழையதுதான் அதிகமாக மின்னியது. நான் அழுதேவிட்டேன்.

சாயங்காலம் தவுக்கேயிடம் இந்த நல்ல செய்தியைச் சொல்லத் தெருமுனை ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போனேன். அங்கே போனுக்கும் சந்தனப் பொட்டு, மீட்டருக்கு மாலை. பூஜை போட்டாயிற்று, இருந்தாலும் பேசிக்கொள்ளலாம், சாமி ஒன்றும் சொல்லாது என்று பூத்துக்காரர் அனுமதி கொடுத்தார். தவுக்கேயும் நானும் மலாயில்தான் பேசிக்கொள்வோம். எல்லாம் முடிந்தது தவுக்கே, நாளை மறுநாள் கிளம்புகிறேன், உங்கள் சாமான் இப்போது தங்கம் மாதிரி மின்னுகிறது என்றேன்.

"தங்கம் மாதிரி என்றால்?" என்று கேட்டார்.

கழுவினோம் என்றேன். பாலிஷ் போடவில்லை என்பதையும் அழுத்திச் சொன்னேன். எதைப் போட்டுக் கழுவினாய் என்று கேட்டார். அசாம் என்றேன். மலாயில் புளிக்கு அதுதான் பேர்.

"மீன் கறிக்குப் போடுகிற அசாமா?"

"ஆமாம் தவுக்கே."

மாலைக்குள்ளே மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். போகவில்லை. மெதுவாகப் பேசினார். திட்டியிருந்தால் தேவலை. அந்தப் பட்டறையில் செய்து முடித்த பிறகு ஒரு மஞ்சள் வார்னிஷ் பூசுவார்களாம். அதைக் கலக்கும் பக்குவம் அந்தக் குடும்பத்தோடு போய்விட்டது. அந்த வார்னிஷ் அப்படியே இருக்கிறது என்பதற்காகத்தான் அவருக்கு அந்தப் பதினாலாவது வேண்டியிருந்தது.

"நீ சாக்கடையில் ஊற்றினது அழுக்கு இல்லை, ஆறுமுகம்" என்றார்.

பழையது எனக்கு வேண்டாம். புதியதைத் திருப்பிக் கொண்டு வா. யாரும் ஊதியிருக்கக் கூடாது, ஊதினால் கடையில் புதியதென்று விற்க முடியாது. இவ்வளவுதான் சொன்னார்.

பூத்திலிருந்து அந்த வீட்டுக்கு இருபது அடி தூரம் இருக்கும். நடுவில் இருந்த பிள்ளையார் முன்னால் நின்றேன். என்ன கேட்பது என்றே தெரியவில்லை. நாளைக்கு மண்டபத்தில் ஒருவர் தனியாக உட்காரப் போகிறார். அவர் கையில் ஒன்றுமில்லாமல் செய்துவிட்டேன். தவுக்கேயின் பதினாலாவதும் போயிற்று. இரண்டு பக்கமும் என் ஒரு கையால்தான் கெட்டது. பொய் சொல்லாமல் இருக்கத் தைரியம் கொடு என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனேன்.

சொல்லி முடித்ததும் துளசிராம் அண்ணன் கொஞ்ச நேரம் பூஜையில் இருந்த இரண்டையும் பார்த்தார். தப்பு என்னுடையது என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். "நீங்க மட்டுமா தேச்சீங்க? கழட்டிக் குடுத்தவன் நானு, புளி ஊற வச்சவ இவ" என்றார். அந்த அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அவர்கள் பாஷையில் ஒன்று சொன்னார். அண்ணன் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எனக்கு ஒரு யோசனை. நாளைக்கு ஒரு நாள் புதியதை வாசித்துவிடுங்கள், துடைத்துப் பெட்டியில் வைத்துவிடலாம், தவுக்கேயிடம் நான் உண்மையைச் சொல்லி எப்படியாவது பேசிக்கொள்கிறேன் என்றேன். என் வேலை போனாலும் போகட்டும் என்றுதான் சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன்.

"அண்ணே, அது ஊதுற சாமான். வாய் வச்சா எச்சி" என்றார். "திருப்பிக் கேட்டவுகளுக்கு எச்சியாக்கிக் குடுக்கச் சொல்றீங்களா? சரஸ்வதி முன்னால வச்சுக்கிட்டு இந்தப் பேச்சே வேணாம். காலையில பாய்கிட்ட போவோம்."

ஆறாம் நாள் விஜயதசமி. விடிந்ததும் மறுபூஜை முடித்து, பழையதை மட்டும் எடுத்துக்கொண்டு அவரும், புதுப் பெட்டியோடு நானும் காதர் பாய் கடைக்குப் போனோம். பண்டிகை நாள் என்பதால் அந்தச் சந்தில் பாய் கடை ஒன்றுதான் திறந்திருந்தது. சாக்ஸபோனைப் பார்த்ததும் பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"யா அல்லா, இத யாருண்ணே குடமாக்குனது? நேத்து வரைக்கும் இதத் தொடவே பயமா இருந்துச்சு. இனி எவனும் இத வாங்கமாட்டான். குடுங்க இங்க, இப்ப இது நம்ம சாமான்."

நெருப்புக் காட்டக் கூடாது என்ற தவுக்கேயின் கட்டளைக்கு இனி வேலை இல்லை. பாய் அடிப்பக்கத்துக் கீ ஏழெட்டைக் கழற்றி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டார். கேஸ் குழாய் நுனியில் நீல நிறத்தில் நெருப்பு சீறியது. ஈயம் கண்ணீர் மாதிரி உருண்டு அந்த இடுக்குக்குள் ஓடி மறைந்தது. சுட்ட இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பும் ஊதாவுமாக ஒரு தழும்பு. ஆறியதும் பாய் துளைகளையெல்லாம் பழைய துணி வைத்து அடைத்து, பீடியைப் பற்ற வைத்து உள்ளே ஊதினார். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். புகை வரவில்லை. பாய் மூக்கு வழியாக மிச்சத்தை விட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு கிளம்புங்க என்றார்.

நேரம் ஆகித்தான் போயிருந்தது. ஹார்லிக்ஸ் பாட்டிலோடு மாட்டுத்தாவணியில் திருவாதவூர் பஸ் ஏறினோம். கடைசி சீட்டில் உட்கார்ந்து துளசிராம் அண்ணன் ஒவ்வொரு கீயாகப் பூட்ட ஆரம்பித்தார். ஈப்போ ரோட்டில் ஓடுகிற பஸ்ஸில் ஊசியில் நூல் கோக்கலாம். இது ஒத்தக்கடை தாண்டி ஒரு பள்ளத்தில் குதித்தது. அரிசி மணி அளவுத் திருகாணி ஒன்று அவர் விரலிலிருந்து எகிறியது.

"நிப்பாட்டுங்க" என்று நான் கத்தினேன். விஷயத்தைக் கேட்டதும் பஸ்ஸே குனிந்துவிட்டது. கண்டக்டர் விசில் கொடுத்து, "ஆணி கெடைக்கிற வரைக்கும் ஒருத்தரும் எறங்கப்பிடாது. செருப்ப ஒதறிப் பாருங்க" என்றார். ஒரு பெரியவர், என்ன வேலைக்கு ஆகும் ஆணி அது என்று கேட்டார். கோயிலில் வாசிக்கிற வாத்தியத்து ஆணி என்றதும் அவரும் வேட்டி மடிப்பை அவிழ்த்துப் பார்த்தார். கடைசியில் முன்பக்கம் ஒரு சீட்டில் இருந்த அம்மாவின் கீரைக் கூடையில் கிடைத்தது. ஐந்து சீட் தாண்டி அது எப்படிப் போனது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்த அம்மா திருவாதவூரில் எங்களோடு இறங்கி, அது என்னதான் சத்தம் போடுகிறது பார்ப்போம் என்று மண்டபத்துக்கே வந்துவிட்டார்.

மண்டபத்தில் இருநூறு பேர் இருப்பார்கள். பெரும்பாலும் வயலிலிருந்து நேராக வந்தவர்கள். தழும்போடு மின்னிய அந்தச் சாமானைப் பார்த்து எனக்குப் பக்கத்தில் இருந்தவர் தன் கூட்டாளியிடம், "என்ன மாப்ள, நாதஸ்வரத்தத் தீயில வாட்டி வளைச்சுக் கொண்டாந்துருக்காரு" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். துளசிராம் அண்ணன் காதிலும் விழுந்திருக்கும். காலையிலிருந்து அவர் அதை ஒரு மூச்சுக்கூட ஊதிப் பார்க்கவில்லை. நேரமில்லை. ஊதிப் பார்க்கப் பயமாக இருந்தது என்று பின்னால் சொன்னார்.

மேலேயே ஆரம்பித்தார். என்ன ராகம் என்று எனக்குத் தெரியாது. இனிமையாக இருந்தது. பத்து நிமிஷம் மேலேயே சுற்றினார், படிக்கட்டு வரைக்கும் வந்து திரும்பிப் போகிற மாதிரி. நான் புதுப் பெட்டியை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு முருகா முருகா என்று இருந்தேன். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கினார். கடைசிப் படியிலும் கால் வைத்தார்.

வந்தது. காற்று இல்லை, இருமல் இல்லை. கல் தரையில் உட்கார்ந்திருந்தோமே, அந்தக் கல்லுக்குள்ளிருந்து வருகிற மாதிரி உள்ளங்காலில் தெரிந்தது. அவருக்கே நம்பிக்கை இல்லாமல் அதிலேயே நின்றார். மூச்சு தீரும் வரைக்கும் நின்றார்.

தீயில் வாட்டியதாகச் சொன்னவர்தான் முதலில் பேசினார். "அண்ணே," என்று எழுந்தே நின்றுவிட்டார், "அந்தக் கீழ எறங்குனீகள்ல, அங்க இன்னொருக்க போயிட்டு வாங்க."

ஒரு மணி நேரம் என்று சொன்னது இரண்டு மணி நேரமானது. எத்தனை தடவை இறங்கினார் என்று நான் எண்ணவில்லை. சர்க்கரைப் பொங்கலும் சுண்டலும் கொடுத்தார்கள். கீரைக்கார அம்மா எனக்கு இரண்டு தடவை வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் ரயிலடிக்கு இரண்டு பேரும் வந்தார்கள். வண்டி நகரும்போது பத்மாவதி அம்மா அவர்கள் பாஷையில் ஏதோ சொல்ல, துளசிராம் அண்ணன் சிரித்துக்கொண்டே ஜன்னலைப் பிடித்தபடி கூடவே நடந்து எனக்குத் தமிழில் சொன்னார்.

ஈப்போவில் தவுக்கே புதுப் பெட்டியைத் திறந்து பார்த்தார். ஊதவில்லையே என்று கேட்டார். ஊதவில்லை என்றேன். மவுத்பீஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நம்பினார். பழையதில் கீழ் சுரம் பேசாமல் இருந்ததையும், பாய் ஈயம் பற்ற வைத்ததையும் சொன்னேன். இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் மாடியில் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தவர், திரும்பாமலேயே, அந்தக் கீழ் சுரம் வந்ததா என்று கேட்டார். வந்தது தவுக்கே என்றேன். பதிமூன்றில் ஒன்றைக் கையில் எடுத்தார். ஊதப் போகிறாரோ என்று நினைத்தேன். பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டார்.

பத்மாவதி அம்மா சொல்லி அனுப்பியதை அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. உங்கள் முதலாளியிடம் மிச்சம் இருக்கிறதையும் அடுத்த சரஸ்வதி பூஜைக்கு எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள், எல்லாவற்றுக்கும் சேர்த்துப் புளி ஊறப் போடுகிறேன் என்று அந்த அம்மா உண்மையான அக்கறையோடுதான் சொன்னார். தவுக்கேயிடம் இதுவரைக்கும் சொல்லவில்லை.